நான்காவது பாஸ்போர்ட்

மார்ச் 4. விசா விண்ணப்பக் கட்டணம், மூன்று பேருக்கு: 48,600.
மார்ச் 4. சான்றிதழ் மொழிபெயர்ப்பு, பதினொரு பக்கம்: 5,500.
மார்ச் 19. மருத்துவப் பரிசோதனை, மூன்று பேருக்கு: 13,200.
ஏப்ரல் 2. நேர்காணலுக்கு டாக்சி, போக வர: 740.
ஏப்ரல் 30. வீட்டு முன்பணம் திரும்பி வந்தது: 60,000. அதில் வெள்ளையடிக்கப் பிடித்துக்கொண்டது: 7,000.
மே 14. பாஸ்போர்ட்டுகள் திரும்பி வந்த கூரியர்: 350.
ஜூன் 3. மறுபரிசீலனைக் கட்டணம், ஒருவருக்கு: 21,400.
ஜூன் 27. விமான டிக்கெட், ஒன்று: 38,950.

இவ்வளவையும் செலவழித்தவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஒரே கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். நகரத்தில் உள்ள பழைய கட்டடங்களில் பாதிக்கு மேல் அவர் கை பட்டவை. எந்தக் கட்டடத்து லிஃப்ட் மூன்றாம் மாடிக்கு ஒரு விரற்கடை கீழே நிற்கும், எதன் கதவு இரண்டு தரம் யோசித்துவிட்டு மூடும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பேச்சுதான் கிடையாது. மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குள் காலையில் நுழைந்தால் மத்தியானம் கிரீஸ் கையோடு வெளியே வருவார், 'சரியாயிடுச்சு' என்பார், போய்விடுவார். கம்பெனியில் அவருக்கு வைத்த பெயர் சைலன்சர்.

வீட்டில் நான்கு பேர். அவர், அவர் மனைவி, பதினேழு வயதுப் பெரியவள், ஒன்பது வயதுச் சின்னவன். பெரியவள் அவர் பெற்ற பெண் அல்ல, அவருடைய அண்ணன் மகள். அண்ணனும் அண்ணியும் ஒரே நாளில், ஒரே பஸ்ஸில் போய்விட்டார்கள். இரண்டு வயதுக் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்ததால் அது மட்டும் மிஞ்சியது. மெக்கானிக்குக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தவர் பிறகு இறக்கவே இல்லை. கோர்ட்டில் கார்டியன் ஆர்டரும் முறைப்படி வாங்கினார்.

கல்யாணப் பேச்சு வந்த முதல் இரண்டு இடங்களில், குழந்தையைப் பார்த்ததும் ஆளுக்கொரு காரணம் சொல்லி நழுவிவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் பெண் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலையில் இருந்தாள். அவள் மெக்கானிக்கை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க மட்டும் வர்றதா இருந்தா கொஞ்சம் யோசிக்கணும். இவளும் வர்றான்னா சரி."

பெரியவளுக்கு ஆறு வயது இருக்கும்போது உறவில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் பெரியம்மா முறையில் ஒருத்தி குழந்தையின் கன்னத்தைத் தடவிக்கொண்டே பக்கத்து நாற்காலிக்காரியிடம், "பாவம், அநாதைப் புள்ள. சித்தப்பன்தான் வெச்சுப் பாத்துக்கறான்" என்றாள். குழந்தை வீட்டுக்கு வந்து தன் கவுன்களை ஒரு துணிப்பையில் திணித்துக்கொண்டு வாசற்கதவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

"எங்கடா செல்லம் கிளம்பிட்ட?" என்று கேட்டார் மெக்கானிக்.

"எப்பப்பா கூட்டிட்டுப் போவாங்க?"

"யாரு?"

"அநாதைங்கள எல்லாம் கூட்டிட்டுப் போறவங்க."

அன்றைக்கு அவர் மனைவி ஒரு சட்டம் போட்டாள். இந்த வீட்டில் இருக்கும் யார் வாயிலிருந்தும், யாரிடமும், எந்தக் காரணத்துக்காகவும், இவள் வேறொருவர் பெற்ற பிள்ளை என்ற பேச்சு வரக் கூடாது. ஒளித்து வைத்தார்கள் என்று அர்த்தமல்ல. அண்ணன், அண்ணி படம் கூடத்தில் மாட்டியிருந்தது. பெரியவளுக்கு எல்லாம் தெரியும். வாயால் மட்டும் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். அந்தப் பெரியம்மா வீட்டு வாசற்படியை அதற்குப் பிறகு அவர்கள் மிதிக்கவில்லை. பதினோரு வருடமாக அந்தச் சட்டம் ஒரு தரம்கூட மீறப்படாமல் இருந்தது.

வெளிநாட்டு வேலை தானாக வந்தது. பழைய லிஃப்டுகளைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஆட்கள் அந்த ஊரில் குறைந்துபோனதால், அங்கிருந்த ஒரு கம்பெனி ஆள் தேடியது. மெக்கானிக்கின் மேலாளர் அவர் பெயரைச் சொன்னார். ஜனவரியில் மெக்கானிக்குக்கு வேலை விசா வந்துவிட்டது. மற்ற மூவருக்கும் குடும்ப விசா போட வேண்டும்.

விசா ஏஜென்ட் சுட்டெரிக்கும் வெயிலிலும் கோட்டு போட்டிருப்பார். பிறப்புச் சான்றிதழ், இரண்டு இறப்புச் சான்றிதழ், கோர்ட்டு ஆர்டர், பள்ளிக்கூடக் கடிதம் எல்லாவற்றையும் மேஜையில் வரிசையாகப் பரப்பி, திருப்தியோடு தலையாட்டினார்.

"அண்ணன் பொண்ணா இருந்தாலும் பதினெட்டு வயசு முடியறதுக்குள்ள கூட்டிட்டுப் போகலாம் சார். நீங்கதான் வளத்தீங்கன்னு காட்டினாப் போதும். உங்க கேஸு கண்ணாடி மாதிரி இருக்கு. இன்டர்வியூல மட்டும் உள்ளது உள்ளபடி சொல்லிடுங்க. 'அண்ணன் பொண்ணு, ரெண்டு வயசுலேர்ந்து நான்தான் வளக்கறேன்.' முடிஞ்சுது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். உங்கள மட்டும் தனியாத்தான் கூப்பிடுவாங்க. பயப்படாதீங்க."

பதினோரு வருடம் வாயைக் கட்டியவருக்கு அந்த ஒரு வரியும் மலையாக இருந்தது. மோட்டார் அறையில் வேலை செய்துகொண்டே சொல்லிப் பார்த்தார். கூட வேலை பார்ப்பவர் ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தார்.

"என்ன சைலன்சர், யார்கிட்ட பேசிட்டு இருக்க? மோட்டார்கிட்டயா?"

"இன்டர்வியூவுக்குப் பழகறேன்."

"மோட்டார் என்ன சொல்லுது?"

"நம்பிடுச்சு."

ஏப்ரல் இரண்டாம் தேதி அப்பாவும் பெண்ணும் டாக்சியில் போனார்கள். மனைவிக்கும் சின்னவனுக்கும் நேர்காணல் இல்லை. காத்திருக்கும் கூடத்தில் குளிரூட்டி முழுவேகத்தில் ஓடியது. எண்ணை அழைத்ததும் மெக்கானிக் எழுந்தார். வாசலில் நின்ற காவலாளி, "ரெண்டு பேரும் ஒண்ணா வாங்க" என்றார்.

உள்ளே கண்ணாடித் தடுப்பு. இந்தப் பக்கம் தரையோடு திருகி வைத்த இரண்டு நாற்காலிகள். அந்தப் பக்கம் ஓர் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்த்துச் சொல்லும் பெண்மணி. பெரியவள் போட்டோ விதிப்படி காது தெரிய முடியை வாரிப் பின் குத்தியிருந்தாள். கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அதிகாரி ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்புப் பெண்மணி, "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள்.

"பொண்ணு."

"சொந்தப் பொண்ணா?"

வரி நாக்கு நுனியில் இருந்தது. பெரியவள் அவரைப் பார்க்கவில்லை, கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு நோட்டீசைப் படித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அவள் தோள் மட்டும் தெரிந்தது.

"ஆமா" என்றார்.

அந்தப் பெண்மணிக்கு முன்னால் ஃபைல் திறந்திருந்தது. அவள் ஒரு கணம் தயங்கிவிட்டு, மைக் பக்கம் குனிந்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். "சார், நல்லாக் கேட்டுக்குங்க. நீங்களும் உங்க மனைவியும் பெத்த பொண்ணான்னு கேக்கறாங்க."

"ஆமா மேடம். நாங்க பெத்த பொண்ணுதான்."

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. பெரியவள் திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள். அதிகாரி அவளிடம் வயதையும் வகுப்பையும் மட்டும் கேட்டார். முடிந்துவிட்டது.

திரும்பி வரும்போது டாக்சியில் பெரியவள் மெதுவாகக் கேட்டாள். "அப்பா, ஃபைல்ல வேற மாதிரிதானே இருக்கு?"

"அது அவங்களுக்குத் தெரியும்மா. சும்மா வாய் வார்த்தைக்குக் கேக்கறாங்க."

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். "எப்படிங்க போச்சு?"

"நல்லாப் போச்சு."

மனைவி பெரியவளைப் பார்த்தாள். "நல்லாத்தாம்மா போச்சு" என்றாள் பெரியவள்.

அந்த 'நல்லாப் போச்சு'வை நம்பி ஒரு குடும்பம் தன்னைத்தானே பிரித்து மூட்டை கட்டியது. மெக்கானிக் கம்பெனிக்கு ராஜினாமா கொடுத்தார். மனைவி துணிக்கடையில் சொல்லிவிட்டாள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் மாற்றுச் சான்றிதழ் வாங்கியாயிற்று. பீரோ எதிர்வீட்டுக்குப் போனது, சோபாவைப் பழைய சாமான்காரர் கொண்டுபோனார். நான்கு டிக்கெட்டுக்கும் முன்பதிவு போட்டார்கள். நேர்காணலில் என்ன சொன்னார் என்பதை மெக்கானிக் ஒவ்வொன்றின் போதும் மனைவியிடம் சொல்லியிருக்கலாம். ஃப்ரிட்ஜைப் படியிறக்கியபோது சொல்லியிருக்கலாம். கட்டிலைக் கழற்றியபோது சொல்லியிருக்கலாம். கட்டில் மரையைத் தானே கழற்றி, நட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு, வாங்கியவரிடம் 'தொலைச்சிடாதீங்க' என்று கொடுத்தார். அதற்கு மட்டும் வாய் வந்தது.

வீட்டைக் காலி செய்துவிட்டு அவருடைய தங்கை வீட்டில் ஒரே அறையில் நால்வரும் தங்கினார்கள். தங்கை மனம் நல்ல மனம், வாய்தான் கத்தரிக்கோல். "ஃபாரின் போறவங்கள்லாம் எங்க வீட்டு பாத்ரூம்ல க்யூ நிக்கறாங்கப்பா" என்று காலையில் குரல் கொடுப்பாள். பெரியவள், "அத்தை, டோக்கன் கொடுங்க, கிளம்பறப்ப திருப்பித் தர்றேன்" என்பாள். வீடு சிரிக்கும்.

மே பதினான்காம் தேதி கூரியர் வந்தது. மனைவி உறையைக் கிழித்து, முதலில் தன் பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். விசா ஒட்டியிருந்தது. சின்னவனுடையதிலும் இருந்தது. சேர்த்து அனுப்பியிருந்த மெக்கானிக்குடையதில் ஜனவரியிலேயே ஒட்டியாயிற்று. நான்காவதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை திருப்பினாள். மறுபடி கடைசியிலிருந்து முதல் பக்கம் வரை திருப்பினாள். உள்ளே மடித்து வைத்த கடிதம் கீழே விழுந்தது.

ஏஜென்ட் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். கோட்டுப் பொத்தானைக் கழற்றினார்.

"அங்க என்ன சார் சொன்னீங்க?"

மனைவிதான் பதில் சொன்னாள். "என்ன சொல்லுவாரு? அண்ணன் பொண்ணுன்னு சொல்லியிருப்பாரு."

"நாங்க பெத்த பொண்ணுன்னு சொல்லியிருக்காரும்மா. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. ஃபைல்ல ஒண்ணு, வாயில ஒண்ணு. ஏமாத்தப் பாத்தீங்கன்னு எழுதிட்டான். நல்ல காலம், சாரோட விசாவ கேன்சல் பண்ணாம விட்டானே."

மனைவி திரும்பினாள். "சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"ஏன்?"

"அவ பக்கத்துல உக்காந்திருந்தா."

மனைவி கடிதத்தை வாங்கி மடித்து உறைக்குள் போட்டாள். பிறகு அவள் குரல் கிழிந்து வந்தது. "நான் வாயக் கட்டுங்கன்னது சொந்தக்காரங்ககிட்டங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கற முன்பின் தெரியாத ஆளுகிட்டயா? ஒரே ஒரு வார்த்தை. அதையும் பாழாப்போன இந்த நல்ல மனசு விடலையா?"

சாயங்காலம் பெரியவளிடம் சொன்னார்கள். அவள் அழவில்லை. தங்கை வீட்டு மாடிப்படியில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்குக் கொஞ்சம் கண்ணக் காட்டியிருந்தா நானே சொல்லியிருப்பேனேப்பா. அண்ணன் பொண்ணுன்னு சொல்லியிருப்பேன். அநாதைன்னு சொல்லியிருந்தாக்கூட எனக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. நான் ஆறு வயசுப் புள்ளயா?"



மறுபரிசீலனைக்கு ஒரு வழிதான் இருந்தது. நேர்காணலில் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டு எழுதித் தர வேண்டும். ஏஜென்ட் தயாரித்துக் கொடுத்தார். 'மேற்படி நபர் எனக்கோ என் மனைவிக்கோ பிறந்தவர் அல்ல. அவர் என் மகள் என்று நான் கூறியது உண்மைக்குப் புறம்பானது.' கீழே மூன்று கையெழுத்துக்கு இடம்: அவர், மனைவி, படித்துப் பார்த்ததற்கு அடையாளமாகப் பெரியவள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு போட்டார். மனைவி போட்டாள். பெரியவள் பேனாவைத் திறக்காமல் முழுவதையும் நிதானமாகப் படித்தாள். "சார், என் பிறந்த தேதி தப்பா இருக்கு. செப்டம்பர் பதினாறு. இதுல ஆறுன்னு போட்டிருக்கீங்க." வேறு பிரதி எடுத்துக்கொண்டு வந்தார்கள். 'என் மகள் அல்ல' என்பதற்கு அடியில் அவர் இரண்டாம் தடவையாகக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

கிளம்பும்போது ஏஜென்ட் இன்னொன்றும் சொன்னார். "மெசேஜ், போன் பதிவெல்லாம் கேக்க வாய்ப்பிருக்கு. எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும். அப்பான்னு ஒரு எடத்துல, சித்தப்பான்னு ஒரு எடத்துலன்னு இருந்தா மறுபடியும் கத முடிஞ்சுது. இப்பலேர்ந்தே பழகிக்குங்கம்மா."

"சரி சார்" என்றாள் பெரியவள்.

அவள் சொன்னால் சொன்னபடி செய்கிற பெண். தேர்வுக்குப் படிப்பதுபோல் அதைப் படித்தாள். முதல் நாள் இரண்டு இடத்தில் தடுமாறினாள், நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்திக்கொண்டாள். மூன்றாம் நாள் தடுமாறவில்லை. சின்னவன் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, "அம்மா, அக்கா ஏன் அப்பாவ சித்தப்பாங்கறா?" என்று கேட்டான். எதற்கும் ஒரு பேச்சு வைத்திருக்கும் தங்கைகூடத் தட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

ஜூலை முதல் தேதிக்கு மேல் காத்திருக்க முடியாது என்று வெளிநாட்டுக் கம்பெனி எழுதிவிட்டது. பழைய கம்பெனியில் அவர் இடத்துக்கு வேறு ஆள் போட்டாயிற்று. மேலாளர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா..." என்று பாதியில் நிறுத்தினார். மெக்கானிக் தனியாகப் போவது என்று முடிவாயிற்று. அவர் மனைவியையும் சின்னவனையும் கூப்பிட்டுப் பார்த்தார்.

"அவள விட்டுட்டு நான் ஏற மாட்டேன்" என்றாள் மனைவி. "நீங்க பெக்கலன்னு எழுதிக் கொடுத்துட்டீங்க. நானும் கொடுத்துட்டேன். விட்டுட்டும் போகச் சொல்றீங்களா?"

பெரியவள் குறுக்கிட்டாள். "நீங்க மூணு பேரும் போங்கம்மா. நான் அத்தைகூட இருந்துக்கறேன்."

"நீ சும்மா இரு."

மூன்று டிக்கெட்டை ரத்து செய்தார்கள். ஜூன் இருபத்தேழாம் தேதி ஒருவர் மட்டும் ஏறினார்.

அந்த ஊரில் அவருக்கு வேலை ஒன்றும் புதிதல்ல. அதே மோட்டார், அதே கம்பிவடம், அதே கிரீஸ். கட்டடங்கள்தான் இன்னும் பழசு. நான்கு பேர் தங்கும் அறையில் ஜன்னலோரக் கட்டில் அவருக்கு. அறையில் இருந்த பெயின்டர் ஒருவர், "ஃபேமிலி எப்ப வர்றாங்க?" என்று வாரா வாரம் கேட்பார். ஆகஸ்டுக்குப் பிறகு அவரும் கேட்பதை விட்டுவிட்டார். மனைவிக்கும் சின்னவனுக்கும் கொடுத்த விசா, உள்ளே நுழைய வேண்டிய கெடு தாண்டி, பயன்படாமலே ஆகஸ்டில் காலாவதியாகிவிட்டது. மனைவி வேறொரு துணிக்கடையில் பில் போடச் சேர்ந்தாள். மறுபரிசீலனை என்ன ஆயிற்று என்று கேட்டுப் போட்ட கடிதங்களுக்கு, 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே வரிப் பதில் வந்துகொண்டிருந்தது. செப்டம்பர் பதினாறு வந்தது, போனது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் மனைவியிடம், "நான் திரும்பி வந்துடட்டுமா?" என்று கேட்டார்.

"வந்து? இங்க யார் உங்களுக்கு வேலை வெச்சுட்டுக் காத்திருக்காங்க? அங்கயே இருங்க. பதில் வரட்டும்."

பெரியவள் போனை வாங்கினாள். "சாப்டீங்களா சித்தப்பா?"

"சாப்டேம்மா." சற்று இடைவெளி விட்டுக் கேட்டார். "இது சும்மா போன்தானே. யாரும் கேக்கப் போறதில்ல. பழையபடி கூப்பிடலாம்ல?"

மறுமுனையில் அவள் யோசித்தாள். அவளுக்கு அவரை நோகடிக்கும் எண்ணம் இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

"வேணாம் சித்தப்பா. மாத்தி மாத்திக் கூப்பிட்டா எங்கயாவது உளறிடுவேன். இப்பதான் நல்லாப் பழகியிருக்கு."

"சரிம்மா" என்றார்.

பதில் தங்கை வீட்டு முகவரிக்கு வந்தது. மனைவி அதைப் படம் பிடித்து அனுப்பினாள். ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், லிஃப்ட் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு மெக்கானிக் அதைப் பெரிதாக்கிப் படித்தார். கீழே யாரோ பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். அவர் எழுதிக் கொடுத்த வரிகளையே கடிதம் எடுத்துக் காட்டியிருந்தது. பொறுப்பாளர் தாம் பொய் கூறியதை எழுத்து மூலம் ஒப்புக்கொண்டுள்ளார். விண்ணப்பதாரர் தம் மகள் அல்ல என்றும் உறுதி கூறியுள்ளார். எனவே முந்தைய முடிவில் தவறில்லை. மேலும் விண்ணப்பதாரருக்கு இப்போது பதினெட்டு வயது நிறைவடைந்துவிட்டதால், பொறுப்பாளரின் குடும்ப உறுப்பினர் என்ற முறையில் அவர் இனி விண்ணப்பிக்க இயலாது. இது குறித்து மேற்கொண்டு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளப்பட மாட்டாது.

கடிதம் வந்து சேர்ந்த தேதி: அக்டோபர் 9.